மழை வந்த பொறகு தான் பட்டியக் கவனிக்கோணும்

2024 ஏப்ரல் 28, ஞாயிறு

காங்கயம் பக்கம் எங்க கொறங்காட்டுல, அதாவது வேலி போட்ட மேய்ச்சக் காட்டுல, பச்சைன்னு சொல்ல ஒண்ணுமே இல்லீங்க, கிளுவை வேலி கூட இலையக் கொட்டிட்டு குச்சியா நிக்குது, கொழுக்கட்டைப் புல்லு தூரை மிதிச்சா பொடிப்பொடியா போகுது. ஈரோடும் கரூர் பரமத்தியும் தினமும் வெயில் லிஸ்ட்ல முன்னாடி, 42 டிகிரிய சாதாரணமா தாண்டுது. செம்மறிக வெள்வேல மரத்தடில விழுகற காயப் பொறுக்கித் தின்னே வயித்தக் கழுவுதுக.

கலப்பினப் பசுவுக்கு தான் ரொம்ப செரமம். பன்னெண்டு மணியானா வாயத் தொறந்து இளைக்குது, எச்சில் கயிறு மாதிரி தொங்குது. பாலும் கொறைஞ்சிருச்சு, கொழுப்பும் கொறைஞ்சிருச்சு, அதனால லிட்டருக்கு வர்ற காசும் கொறைவு. எங்க காங்கயம் மாடு அதே கட்டுத்தாரைல, மாடு கட்டற எடத்துல, நின்னு நிதானமா அசை போட்டுட்டு இருக்குது. காஞ்ச சோளத்தட்டு செரிக்கறப்ப மாட்டு வயித்துக்குள்ளயே சூடு கெளம்பும், அதனால பகல்ல தட்டு போடறத நிறுத்திட்டோம், ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு தடவ, விடியறதுக்கு முன்னாடி ஒரு தடவ. தண்ணித் தொட்டி மட்டும் எந்நேரமும் நெறைஞ்சிருக்கோணும்.

மே 20, திங்கள்

நல்ல மழைங்க! ஊரே சந்தோஷத்துல இருக்குது, ஸ்டேட்டஸ் பூரா மழை வீடியோ தான். எனக்கும் சந்தோஷம் தான் ஆனா வயித்துக்குள்ள ஒரு பயம் இருக்குது. எங்க அப்பாரு சொல்லுவாங்க, "காஞ்ச காட்டுல ஆடு மெலியும் கண்ணு, சாகாது, பச்சைய பாத்த பொறகு தான் சாகும்"னு. பஞ்ச காலத்துல எல்லாரும் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பாப்போம், மழை வந்ததும் அவுத்து உட்டுட்டு அசந்துருவோம், அங்க தான் உசுரு போகுது.

மே 24, வெள்ளி

பயந்த மாதிரியே ஆச்சு. பக்கத்துத் தோட்டத்துல கெணத்துத் தண்ணிய நம்பி மாசில வெதைச்ச சோளம், தண்ணி பத்தாம முழங்கால் ஒசரத்துலயே வாடி நின்னுது, இப்ப மழைக்கு குளுகுளுன்னு குருத்து விட்டிருச்சு. ரெண்டு கிடாரிக கயித்த அறுத்துட்டு அதுக்குள்ள போயிருச்சுக. சத்தம் கேட்டு நாங்க ஓடறதுக்குள்ள ஒண்ணு கீழ கெடந்து காலை ஒதைச்சுட்டு இருந்துது, மூச்சு தாறுமாறா வாங்குது, இமையத் தூக்கிப் பாத்தா உள்ள ரத்தச் செவப்பு. டாக்டரு வர்றதுக்குள்ள அது போயிருச்சு. இன்னொண்ணுக்கு ரத்தக்குழாய்ல தயோசல்பேட்ங்கற விஷமுறிவு ஊசி போட்டாங்க, சாயங்காலம் எந்திரிச்சு நின்னுது. அந்த வீட்டு அக்கா செத்த கிடாரி கழுத்துல இருந்த மணியக் கழட்ட மாட்டேன்னு அழுதாங்க.

இது விஷம் வெச்சதும் இல்ல, கண்ணு பட்டதும் இல்லீங்க. எளஞ்சோளத்துல இருக்கற ஒரு பொருளு மாடு மென்னதும் சயனைடா மாறுது. வறட்சில வாடுன பயிர்லயும், அறுத்த கட்டைல தழையற துளிர்லயும், மழைக்கு வர்ற புதுக்குருத்துலயும் தான் அது அதிகம். பூ எடுக்கறதுக்கு முன்னாடி பச்சையா போடவே கூடாது. நல்லா காய வெச்சா வீரியம் கொறையும். சோளத்தட்டு காலங்காலமா போடறோம் ஒண்ணும் ஆகலியேன்னு கேக்கறவங்களுக்கு, அது முத்தி காஞ்ச தட்டு, இது வேற.

ஜூன் 2, ஞாயிறு

கொறங்காட்டுல புல்லு கணுக்கால் ஒசரம். சந்தைக்குப் பக்கம் ரெண்டு மூணு பட்டில துள்ளுமாரிங்கற ஆட்டு நோய் வந்திருக்குது. ராத்திரி நல்லா இருந்த குட்டி காலைல துள்ளி விழுந்து செத்திருக்குது, அதுலயும் பாருங்க, நோஞ்சான் குட்டி தப்பிச்சுக்குது, கொழுகொழுன்னு இருக்கறது தான் மொதல்ல போகுது. அந்தக் கிருமி எப்பவுமே ஆட்டுக் கொடல்ல கொஞ்சம் இருக்கறது தான், காஞ்சத தின்னுட்டு இருந்த வயித்துக்குள்ள திடீர்னு எளம்புல்லு நெறைய எறங்குனா அது பெருகி நஞ்சு கக்குது. வந்த பொறகு வைத்தியத்துக்கு நேரமே இருக்காது, மழைக்கு முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்கோணும். மொத தடவ போடற குட்டிக்கு ரெண்டு ஊசி. நாங்க சித்திரைலயே போட்டுட்டோம், இருந்தும் காலைல கொஞ்சம் காஞ்ச தட்டு தின்ன வெச்சு, பனி காஞ்ச பொறகு தான் காட்டுக்குள்ள உடறோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சிருச்சுன்னு இன்னிக்கு அறிவிச்சிட்டாங்க. எங்களுக்கு வருஷத்துக்கே 600 மில்லிமீட்டர் சொச்சம் தான், அதுல பெரும்பங்கு இந்த மூணு மாசத்துல. பட்டிய மேட்டுக்கு மாத்தியாச்சு.

நவம்பர் 10, ஞாயிறு

இப்ப நீலநாக்குங்கற ஆட்டு நோய். கூப்பிட்டாங்கன்னு ஒரு பட்டிக்குப் போயிப் பாத்தேன், ஆட்டுக்கு மூஞ்சி, ஒதடு எல்லாம் வீங்கி, மூக்குல சளி கட்டி, வாய்க்குள்ள புண்ணு, கொளம்புக்கு மேல செவந்து போயி நொண்டுது. தின்ன ஆசப்பட்டு புல்லுகிட்ட வாயக் கொண்டு போகுது, கடிக்க முடியல, பாக்கவே முடியலீங்க. ஆட்டுக்கு ஆடு நேரா ஒட்டறது இல்ல, சேறும் சாணியும் கலந்த ஈரத்துல பெருகற குட்டியூண்டு பூச்சி கடிச்சுப் பரவுது, அதனால தான் கரெக்டா இந்த மழை மாசத்துல வருது.

அவங்களுக்கு சொன்னது இது தான், சாணிய தெனமும் அள்ளி தூரமா கொட்டுங்க, பொழுது எறங்கறப்பவே நொச்சி வேப்பந்தழை போட்டு பொகை மூட்டுங்க, வாய்ப்புண்ணு இருக்கற ஆட்டுக்கு கம்பங்கூழு ஆத்திக் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, பொரை ஏறாம. 1962க்கு போன் பண்ணினா கால்நடை ஆம்புலன்ஸ் வரும். இந்த நோய் வைரஸுல 5 வகைக்கு சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்குது, ஆனா அதுவும் மழைக்கு முன்னாடி போடறது. நாளைக்கு எங்க ஊர் ஆட்டுக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயி, அடுத்த வருஷம் ஆவணிக்குள்ள கேம்ப் போடச் சொல்லி மனு குடுக்கறோம், பக்கத்து ஊர்க்காரங்களும் வர்றதா இருந்தா காலைல ஒம்போது மணிக்கு வந்துருங்க.