கொரியத்தில் ‘-க்கு’ எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது

தடா, ஆரம்பாக்கம், சூளூர்பேட்டை பக்கம் தமிழும் தெலுங்கும் சேர்த்தே பேசுகிறவர்களுக்குக் கொரியம் அவ்வளவு அந்நியமில்லை. பெயர், அதன் வாலில் உருபு, கடைசியில் வினை. பழகிய வரிசைதான். அந்தத் தைரியத்தில் எல்லா ‘-க்கு’வையும் அப்படியே மாற்றினால்தான் சிக்கல்.

பெற்றுக்கொள்பவர், அதாவது ‘-க்கு’ ஒட்டும் பெயர், மனிதரோ விலங்கோ என்றால் பேச்சில் ‘ஹன்த்தே’, எழுத்தில் ‘ஏகே’. கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கின் கட்டுரையில் ‘ஹன்த்தே’ வேண்டாம், அது பேச்சு வாடை. செடி, பொருள், கம்பெனி, அரசாங்கம் எல்லாவற்றுக்கும் ‘ஏ’ மட்டும். பூவுக்குத் தண்ணீர் விடுவதும் ‘கொச்சே’தான், செடிக்கு உயிருண்டு என்ற வாதம் இங்கே செல்லாது.

பெரியவர் என்றால் ‘க்கே’. அதோடு வினையும் மாறும்: கொடுப்பதைச் சொல்லும் ‘ஜுதா’ போய், பணிவான ‘தூரிதா’ வரும். தாத்தாவுக்குக் கொடுத்தேன்: ‘ஹராபொஜிக்கே தூர்யொஸ்ஸொயோ’. உருபை மட்டும் மாற்றி வினையை விட்டுவிடுவது அரை மரியாதை. அதே தாத்தா உங்களுக்குக் கொடுத்தால் ‘தூரிதா’ கூடாது. எழுவாயான அவர் பெயரோடு மரியாதை உருபு ‘க்கேசொ’, வினை ‘ஜுஸ்யொஸ்ஸொயோ’. உங்களுக்கு நீங்களே பணிவு காட்டிக்கொள்ள முடியாதே!

வினைகளைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். தமிழில் ‘நண்பனுக்கு உதவினேன்’, தெலுங்கிலும் ‘-கி’தான். கொரியத்தில் ‘சிங்குரூல் தோவாஜ்வொஸ்ஸொயோ’, அதாவது ‘ரூல்’ என்ற இரண்டாம் வேற்றுமை, நம் ‘-ஐ’. இரண்டு தாய்மொழியும் சேர்ந்து தவறான பக்கம் தள்ளும் இடம் இது. ‘கேட்பது’ வேறு கதை: தெலுங்கில் யோசிப்பவர் ‘டீச்சர்னி அடிகானு’ என்ற பழக்கத்தில் ‘ரூல்’ போட்டுவிடுவார். தமிழில் ‘டீச்சர்கிட்ட கேட்டேன்’ என்று யோசித்தால் தப்பலாம். நம் ‘கிட்ட’ விழும் இடத்தில் பெரும்பாலும் ‘ஹன்த்தே’ விழும், ஆசிரியர் என்பதால் இங்கே ‘க்கே’.

பசி, பிடித்தல், தெரிதல் இவற்றுக்கு ‘எனக்கு’வைத் தேடவே வேண்டாம். பசிக்கு ‘பேகா கோபாயோ’, வயிறுதான் எழுவாய். தெரியும் என்பதற்கு ‘ஜொனூன் அராயோ’, நான்தான் எழுவாய்.

‘கிட்டேர்ந்து’ வந்தால் ‘ஹன்த்தேசொ’. பேச்சில் அந்தக் கடைசி ‘சொ’ அடிக்கடி உதிரும். ‘ஒம்மாஹன்த்தே பதஸ்ஸொயோ’ என்று கேட்டால் அம்மாவுக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பத்தா’ பெறுவது, ஆகவே அம்மாவிடமிருந்து.