சிறிய லேத்துக்கு ஒரு நர்லிங் ஹோல்டர்

அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் ஓடுவது சிறிய லேத், அதாவது கடைசல் இயந்திரம். 12 மி.மீ. பித்தளை ராடில் டைமண்ட் நர்லிங் (கை வழுக்காமலிருக்கப் பதிக்கும் குறுக்கு வரி) போட்ட குமிழ்களுக்கு ஆர்டர் வந்ததும், வரி பதிக்கும் பல் உருளைகளைத் தாங்கும் ஹோல்டர் வாங்க லிங்கி செட்டித் தெருவுக்குப் போனேன்.

முதல் கடையில் எடுத்து வைத்தது, ஒரே தலையில் மூன்று ஜோடி உருளைகள் கொண்டது. தலையைத் திருப்பினால் பெரிய வரி, நடுத்தரம், நைஸ் மூன்றும் கிடைக்கும். "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், சார்" என்றார் கடைக்காரர். பொய்யில்லை. ஆனால் அது ஒரு பக்கமிருந்து நெட்டித் தள்ளும் வகை. இந்த நர்லிங்கில் உலோகம் சீவப்படுவதில்லை, நசுங்கிப் பிதுங்கி எழுகிறது. அதற்கான அழுத்தம் முழுவதும் ராடைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கிலும், கருவியைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு திருகிலும் இறங்கும். கனத்த லேத் தாங்கிவிடும். எங்களுடையதில் ராடு விலகிக்கொடுத்து, ராடைப் பிடிக்கும் சக் அருகே ஆழமாகவும் நுனியில் மேலோட்டமாகவும்தான் வரி விழும்.

ஆகவே கத்தரி வகையைக் கேட்டேன். அதன் இரண்டு கைகளும் மேலும் கீழுமாக ராடைக் கவ்வும். அழுத்தம் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். வாய் திறக்கும் அளவைவிடத் தடித்த வேலை நுழையாது என்பது இதன் குறை. குமிழ்களுக்கு அது பொருட்டல்ல.

கைகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன். ஒன்று 'லொடலொட'வென்று ஆடியது. அப்படி ஆடினால் மேல் உருளையும் கீழ் உருளையும் ஒரே இடத்தில் பதியாது, டைமண்ட் கோணிக்கொள்ளும். பளபளப்பான பெட்டியில் இருந்ததும் அதுதான்! ஆடாத இன்னொன்றின் ஷாங்க் (பிடித்துப் பூட்டும் தண்டு) 20 மி.மீ.; அதைப் பூட்டும் எங்கள் டூல் போஸ்ட் 16-க்கு மேல் ஏற்காது. கடைசியில் 16 மி.மீ. ஷாங்குடன் ஒன்று உள்ளறையிலிருந்து வந்தது.

உருளையின் பிட்ச், அதாவது பல்லுக்குப் பல் இடைவெளி, சுற்றுவாக்கில் 1 மி.மீ. 12 மி.மீ. ராடின் சுற்றளவு 37.7. பற்கள் முழு எண்ணிக்கையில் அடங்காததால் இரண்டாம் சுற்று முதல் சுற்றின் இடையில் விழக்கூடும். ராடை 11.78-க்குக் கடைந்தேன், சுற்றளவு 37 ஆனது. பல பட்டறைகளில் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. ஆரம்பத்திலேயே அழுத்திப் பிடித்தால் பல் தானாக அமர்ந்துவிடும் என்பார்கள். பெரும்பாலும் அமரும்தான். பித்தளை விற்கும் விலையில் எனக்குக் கணக்கே மேல்.

குறைந்த வேகம், தாராளமாக எண்ணெய். உருளையின் பாதி அகலத்தை மட்டும் ராடின் நுனியில் வைத்து, கைகளின் திருகை இறுக்கிய பிறகே ஃபீடு கொடுத்து ராடின் நீளவாக்கில் நகர்த்தினேன். பொடியாக உதிர்ந்த பித்தளை பள்ளங்களில் அடையாதபடி பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டே இருந்தேன். வரி கூர்மையாக எழுந்தது. விட்டமும் 12.2 வரை ஏறியதால், அடுத்த குமிழ்களை அந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தே கடைகிறோம்.