வரி போனா மட்டும் மாங்கா கப்பல் ஏறிடுமா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்க தோப்புல முக்காவாசி பெங்களூரா மாங்கா தான், கூழ் ஃபேக்டரிக்குப் போறது. வெளிநாட்டோட ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும் ஏற்றுமதி கொட்டும்னு நியூஸ் வருது, நமக்கு என்னடா கிடைக்கும்னு அப்பா கேக்குறார், அதுக்காகவே உக்காந்து படிச்சேன். அமீரகத்தோட ஒப்பந்தம் 2022 மே 1ல இருந்து அமல்ல இருக்கு, ஆனா அங்க பெரும்பாலான பொருளுக்கு முன்னாடியே இறக்குமதி வரி 5% தான், அது குறைஞ்சா ஏற்றுமதி பண்றவங்களுக்கு நல்லது சரி, தோப்புல விலை ஏத்தணும்னு எந்த ஒப்பந்தத்துலயும் எழுதல. ஐரோப்பா கதை வேற. 2014ல பழ ஈ இருக்குன்னு நம்ம மாம்பழத்தையே நிறுத்திட்டாங்க, 2015 ஜனவரியில தான் தடைய நீக்க முடிவெடுத்தாங்க. வரிய விட பழத்துல தங்குற பூச்சி மருந்து எச்சம் தான் அங்க பெரிய சிக்கல், டெஸ்ட்ல அளவு தாண்டினா சரக்கு உள்ள போகாது. நாம மருந்துக்கடையில சொல்றத தான அடிக்கிறோம்? போன சீசன்ல ஒரு ஃபேக்டரி வாசல்ல ரெண்டு நாள் லோடோட காத்திருந்து, பாதி பழுத்து ஒழுகுறத பாத்துட்டு நின்ன அப்பா முகம் இன்னும் கண்ணுல நிக்குது. போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் யாராச்சும் ஏற்றுமதி தோப்பா பதிவு பண்ணியிருந்தா சொல்லுங்க, தோட்டக்கலை ஆபீஸ்ல என்னென்ன கேக்குறாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.