செமி ஸ்லிக் போட்ட ஏஇ86: கம்பெனி பின் ஆக்சில் இதுவரை எப்படி இருக்கிறது

என் பழைய டொயோட்டா ஏஇ86 காரில் செமி ஸ்லிக் (பிடிப்பு மிக அதிகமான, பந்தய டயர் மாதிரியான டயர்) மாட்டிய பிறகு, கம்பெனியில் போட்டு வந்த பின் ஆக்சில் தாங்குமா என்று ரொம்பப் பேர் கேட்டார்கள். இதுவரை உடையவில்லை, ஆனால் அதற்குள் சக்கரங்களைச் சுற்றும் இரண்டு ஷாஃப்டில் ஒன்று முறுக ஆரம்பித்திருக்கிறது.

சிங்கப்பூரில் டிராக் ரேஸ் (drag, நின்ற இடத்திலிருந்து நேர்க்கோட்டில் ஓடும் பந்தயம்) ஓடுவதற்கென்று தடம் கிடையாது, ரோட்டில் ஓடுவது பேச்சுக்கே இடமில்லை. அதனால் முக்கால் டேங்க் பெட்ரோலோடு துவாஸ் வழியாக மலேசியா போய், அங்கே முறையாக நடக்கும் 402 மீட்டர் டிராக் ரேஸ் நாட்களில்தான் ஓட்டுகிறேன். அதே காரில்தான் வீட்டுக்கும் திரும்பி வர வேண்டும், ஆக்சில் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

கணக்கைப் பாருங்கள். 4ஏ-ஜிஇ எஞ்சினின் டார்க் (முறுக்கு விசை) 149 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.587, டிஃப் (ஆக்சில் நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்) விகிதம் 4.3. மூன்றையும் பெருக்கினால் ஆக்சிலுக்குப் போவது சுமார் 2,300, இரண்டு ஷாஃப்டும் பாதிப் பாதியாகச் சுமக்கின்றன. டிஃபின் 6.7 இஞ்ச் கிரௌன் பினியன் என்ற பெரிய பற்சக்கர ஜோடிக்கு இது பெரிய விஷயமே இல்லை. உடைப்பது கிளட்சைச் சட்டென்று விடும்போது வரும் அடிதான், ஏனென்றால் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலில் உள்ள சக்தி மொத்தமும் ஒரே நொடிக்குள் கீழே இறங்குகிறது. சாதா டயர் அந்த அடி வந்ததும் வழுக்கிவிடும், வீட்டு ஃபியூஸ் மாதிரி. டயர் வழுக்காவிட்டால் கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள், ஷாஃப்ட் என்று எது பலவீனமோ அது வாங்கிக்கொள்ளும்.

அதனால் முதலில் அந்த அடியைக் குறைக்கப் பார்த்தேன். ஆர்பிஎம்மைக் குறைத்து, கிளட்சை ஒரு கணம் வழுக்கவிட்டு எடுக்கிறேன். கிளட்ச் தேயும்தான், ஆனால் கிளட்ச் தட்டு மாற்றுவது டிஃப் மாற்றுவதைவிடச் சுலபம். காற்றையும் கொஞ்சம் குறைத்தேன், டயரின் பக்கச் சுவர் மடங்கிக் கொடுத்தால் அடியில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும்.

அப்புறம் வீல் ஹாப், அதாவது கிளம்பும்போது சக்கரம் துள்ளுவது. ஆக்சிலைக் காரின் பாடியோடு பிணைக்கும் நான்கு கம்பிகளின் ரப்பர் புஷ் பழசாகிவிட்டால், கிளம்பும்போது ஆக்சில் முறுக்கிக்கொண்டு எழும்பி, டயர் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் ஒரு புது அடி. நண்பர் ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்த வீடியோவில் வலது டயர் துள்ளுவது தெளிவாகத் தெரிந்தது. எஞ்சின் சக்தியைப் பின்னால் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் எதிர்விசை வலது பின் சக்கரத்தைத்தான் தூக்கும். நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுவதால் கொஞ்சம் எடை அந்தப் பக்கம் இருக்கிறது, ஆனாலும் அது போதவில்லை. புஷ் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகு துள்ளல் நின்றுவிட்டது. இதுவரை செய்ததில் அதிகப் பலன் தந்தது இதுதான், செலவும் குறைவு.

சரி, ஷாஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுவதற்கு முன் இரண்டு ஷாஃப்டிலும் ஃபிளாஞ்சிலிருந்து (சக்கரம் மாட்டும் முனை) ஸ்ப்ளைன் (டிஃபுக்குள் செருகும் பல் வெட்டிய முனை) வரை வெள்ளை பெயிண்டில் நேர்க்கோடு இழுத்து வைத்திருந்தேன். போன வாரம் காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்த்தோம். வலதில் கோடு நேராகவே இருக்கிறது. இடதில் ஸ்ப்ளைனுக்குச் சற்று முன்னால் மயிரிழை அளவு திரும்பியிருக்கிறது. மெக்கானிக் அண்ணன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதைத் திரும்ப மாட்டாதே" என்றார். அவர் சொன்னது சரிதான், ஒருமுறை முறுகிய எஃகு பழைய நிலைக்குத் திரும்பாது. இந்த வகை ஆக்சிலில் பேரிங் ஷாஃப்டோடு அழுத்தி மாட்டப்பட்டிருப்பதால், பேரிங்குக்கு உள்பக்கம் உடைந்தால் சக்கரம் கழன்று ஓடாது. உள்ளே சி கிளிப் மட்டும் பிடித்திருக்கும் அமெரிக்க ஆக்சில்களில் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். அங்கே டிராக் ரேஸ் நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிப்படி 402 மீட்டரை ஓட 10.99 நொடி அல்லது அதைவிட வேகமான கார்களுக்கு வேறு ஷாஃப்டும் அதைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடும் கட்டாயம். நம் கார் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை.

டிஃப் ஆயிலை வடித்தபோது காந்த போல்ட்டில் சாம்பல் பசை மட்டும்தான் இருந்தது, துண்டு எதுவும் இல்லை. கிரௌன் பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி) டயல் கேஜில் 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் என்ற கம்பெனி அளவுக்குள்ளேயே நிற்கிறது. ஆக, டிஃபைத் தொடப் போவதில்லை. ஷாஃப்டை மட்டும் இரண்டு பக்கமும் புது பேரிங், ஆயில் சீலோடு மாற்றுகிறோம், புதியதிலும் முதலில் பெயிண்ட் கோடு, அப்புறம்தான் ஆக்சிலுக்குள் போகும்.