யார் கையால் வாங்குவது

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. "பார்வை தெளிஞ்சா தரங்கம்பாடி கோயில்ல காணிக்கை போடறதா வேண்டியிருக்கேன்" என்றாள். நாங்கள் லுத்தரன் சபைக் கிறிஸ்தவர்கள். வேண்டுதல், பொருத்தனை எல்லாம் வெளியில் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதற்காக, காவிரிக்கரையில் பிறந்தவளுக்கு வேண்டுதல் இல்லாமல் போய்விடுமா?

மயிலாடுதுறையில் பஸ் ஏறினோம். தை மாசம். செம்பனார்கோயில் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா அறுப்பு. திருக்கடையூரில் பஸ் பாதி காலியாகிவிட்டது. இறங்கிய கூட்டத்தில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த ஒரு ஜோடி, பட்டும் வெட்கமுமாக. அம்மா பஸ் நகரும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா 58 வயதிலேயே போய்விட்டார்.

புது ஜெருசலேம் ஆலயத்தின் முகப்பில் சிலுவைக்கு முன்னால் கண்ணில் படுவது டென்மார்க் ராஜாவின் கிரீடமும் முத்திரை எழுத்தும்தான். ஊர் அப்போது டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. எனக்கு அது எப்போதும் கொஞ்சம் உறுத்தும். உள்ளே போனால் சுண்ணாம்புச் சுவரின் குளுமை; கடல் சத்தம் லேசாகக் கேட்கிறது. பீடத்துக்கு முன்னால், ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயரின் கல்லறை. பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். 1706 ஜூலை 9-இல் கரை இறங்கியவர், 1718-இல் இந்தக் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார். நாலைந்து மாசத்தில், 36 வயதில், இதற்குள்ளேயே அடக்கமானார்.

அம்மா கீழே உட்கார்ந்து கல்லில் கை வைத்துக்கொண்டாள். "புள்ளைங்களோட மணல்ல எழுதிப் படிச்சாராமே" என்றாள். ஆமாம், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்துதான் அவர் தமிழ் எழுத்துப் பழகினார்.

எனக்கு அவரைப் பிடிப்பது வேறொரு காரணத்துக்காக. நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவருடைய விதவை ஒரு கடன் வழக்கில் மாட்டிக்கொண்டாள். எதிராளி டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர், அதாவது செல்வாக்குள்ள ஆள். சீகன்பால்க் அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பப் போய்ப் பேசினார். கோட்டைத் தளபதி ஹாசியஸுக்குக் கோபம். விசாரணைக்குக் கூப்பிட்டார், இவர் போகவில்லை. 1708 கடைசியில் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் போட்டுவிட்டார்கள், நாலு மாசம். வந்து இரண்டரை வருஷம்கூட ஆகாத வெளியூர்க்காரர், ஒரு நாவிதர் பெண்சாதிக்காக! நம் சபை வரலாற்றுப் பேச்சுகளில் அச்சுக்கூடம் வரும், பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்த கதை வரும், காகிதம் செய்த கடுதாசிப்பட்டறை வரும். இந்தப் பெண் வருவதில்லை.

அந்த அச்சுக்கூடத்தில் அச்சடித்த சுவிசேஷத்தைப் படித்துத்தான் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிப்பாய் ராஜநாயக்கன் இந்தச் சபைக்கு வந்தார். பறையர் குலம். உபதேசியாராக, அதாவது குருப்பட்டம் இல்லாத போதகராக, ஊர் ஊராக நடந்தார், அடியும் பட்டார். 1733-இல் ஆரோன் இந்தச் சபையின் முதல் தமிழ்க் குருவானார். 1741-இல் அடுத்தவர் யார் என்று வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. அவர் கையால் நற்கருணை அப்பமும் ரசமும் வாங்க மற்ற சாதியார் வரமாட்டார்கள் என்று அவரை விட்டுவிட்டார்கள். 1771-இல் உபதேசியாராகவே இறந்தார். இங்கேயும் தஞ்சாவூரிலும் ஒரே கூரைக்கடியில் சாதிக்கொரு இடம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபையில் சாதியை அடியோடு விடச் சொல்லிக் கடிதம் போட்டதும், தஞ்சாவூரில் பலர் கொதித்துத்தான் போனார்கள்.

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு கதை உண்டு. பல வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபைக்கு ஒரு இளம் ஐயர் வந்தார். சேரிப் பிள்ளை என்று இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. நல்ல குரல், நன்றாகவும் பிரசங்கம் செய்வார். அவர் இருந்த காலம் முழுக்க, நற்கருணை ஞாயிறு வந்தால் மட்டும் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு தடவைகூடத் தப்பாது. நானும் "ஏன்?" என்று கேட்டதில்லை. எனக்குத் தெரியும். அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போவேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று, எட்டாய் மடித்தது. அதைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, பெட்டியில் போட்டாள்.

கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் வாங்கினோம். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் அலை கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் கண் கூசியது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது ஆக்கூர் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "ஏம்ப்பா, அந்தச் சின்ன ஐயரு இப்ப எந்த ஊர்ல இருக்காரு?"

சொன்னேன்.

"நம்பர் இருக்கா?"

டிக்கெட்டின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தாள். எட்டா மூன்றா என்று ஒரு இடத்தில் சந்தேகம். எட்டு என்றேன். அப்புறம் அதை அந்த முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

பேசினாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.