காகித வளவு: ஊசிமுனையில் பசை

1:25 அளவில் ஒரு வளவை, அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றப் பகுதியை, காகிதத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். முழு வீடு இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடிவது. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டால் என் மேசை போதாது. அதனால் பள்ளத்தூரில் எங்கள் ஆச்சி வீட்டு வளவை மட்டும் அளந்து வந்தேன். நடுவில் முற்றம், நான்கு புறமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், முற்றத்தை நோக்கிச் சரியும் நாட்டு ஓட்டுக் கூரை.

சுவர்கள் எழுந்துவிட்டன, தரை முடிந்தது, தூண்கள் நிற்கின்றன, கூரை பாதி ஏறியிருக்கிறது. இந்த வேலையில் வெட்டுவதைவிடப் பசை வைப்பதுதான் அதிகப் பொறுமையைக் கேட்கிறது. வெட்டுவதற்குக் கூரான பிளேடும் இரும்பு ஸ்கேலும் போதும். பசைக்கு ஒவ்வொரு இணைப்பிலும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

1:25இல் 1 மி.மீ. என்பது உண்மை வீட்டில் 2.5 செ.மீ. தூணின் அடியில் அரை மில்லிமீட்டர் பசை பிதுங்கி உறைந்தால், ஆச்சி வீட்டில் தேக்குத் தூணைச் சுற்றி ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிப்பில் எதையோ ஊற்றியதற்குச் சமம். வெள்ளைப் பசை காய்ந்தால் நிறமற்றுப் போகும் என்பது உண்மைதான். ஆனால் பளபளப்பு போகாது. வெயில் பக்கவாட்டில் விழும்போது, மங்கலான காகிதத்தின் மேல் அந்தப் பளபளப்பு தனியாகத் தெரியும். அதன் மேல் நீர்வண்ணமும் சரியாகப் பிடிக்காது. செட்டிநாட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு தரும் சீரான மினுமினுப்புதான் அழகு. அதைக் காட்டுவதற்காக வழவழப்பான ஐவரி அட்டை தேர்ந்தெடுத்துவிட்டு, மூலையில் பசைத்திட்டு விட மனம் வருமா?

வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிட்டேட்டின் மிக நுண்ணிய துகள்கள் நீரில் மிதக்கும் கலவை. நீர் காகிதத்துக்குள்ளும் காற்றிலும் போன பிறகு துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகின்றன. ஆகவே பசை கூடினால் நீரும் கூடுகிறது. காகித இழைகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, அட்டை வளைகிறது, காய்வதும் தாமதமாகிறது. மெல்லிய படலம் காய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தேன். பசை விடவில்லை, காகிதம்தான் கிழிந்தது. அதற்கு மேல் பசை வைப்பதால் பலம் ஒன்றும் கூடப்போவதில்லை.

நொடியில் ஒட்டும் பசையை இந்த வேலையில் முழுவதுமாக விலக்கிவிட்டேன். அது காகிதத்துக்குள் ஓடி, எண்ணெய் பட்டதுபோல் கறை விடுகிறது, ஒட்டிய இடமும் விறைத்து உடையக்கூடியதாகிவிடுகிறது.

பசை வைக்க மருந்துக்கடையில் வாங்கிய புதிய சிரிஞ்சும் ஊசிகளும். கூர்முனையை வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து மொட்டையாக்கிக்கொள்ள வேண்டும். வெட்டும்போது கண்ணாடி அணிவது அவசியம், துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. 18 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறக்குறைய 0.84 மி.மீ., 21 கேஜ் 0.51, 25 கேஜ் 0.26. எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 25இல் கெட்டிப் பசை வெளியே வராது, நீர் கலந்தாக வேண்டும். நீர் கலந்தால் காகிதம் உப்பும் என்ற பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும். அதனால் பெரும்பாலான வேலைக்கு 21 கேஜையே வைத்திருக்கிறேன். அதில் பசை சில துளி நீரோடு சீராக வருகிறது. 25ஐ எடுப்பது ஓட்டுக்கூரைக்கு மட்டும். வேலை நடுவே நிறுத்தினால் ஊசியை ஈர ஸ்பாஞ்சில் குத்தி வைக்கிறேன். இரவில் துளைக்குள் மெல்லிய கம்பியைச் செருகிவிட்டால் மறுநாள் அடைப்பு இருக்காது.

சுவர்மூலையில் அட்டையின் வெட்டு விளிம்பு இன்னொரு அட்டையின் முகத்தில் ஒட்ட வேண்டும். வெட்டு விளிம்பு பசையைக் குடித்துவிடும், இணைப்பில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் முதலில் நீர்த்த பசையை விளிம்பில் மட்டும் தடவிக் காயவிடுகிறேன். இழைகளின் வாய் அடைபட்ட பிறகு, இரண்டாவதாக ஒரு மெல்லிய கோடு. அதுவும் விளிம்பின் நடுவிலோ வெளிப்பக்கத்திலோ இல்லை, பார்வைக்கு மறையும் உட்பக்கத்தை ஒட்டி. அழுத்தும்போது பசை பரவினாலும் உள்ளேதான் பரவும். கோட்டின் ஈரப் பளபளப்பு சற்று மங்கும்வரை காத்திருந்து பொருத்தினால், கையை எடுத்ததும் நிற்கிறது.

தரை முற்றிலும் வேறு பாடம். செட்டிநாட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வார்க்கப்படுவது. வண்ணச் சிமெண்டை அச்சுக்குள் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடியைத் தொட்ட முகம் மெருகு போடாமலேயே மின்னும். எட்டங்குலக் கல் என் அளவில் 8 மி.மீ. சதுரம். ஆச்சி வீட்டுக் கற்களைப் படமெடுத்து, காரைக்குடியில் லேசர் அச்சில் எடுத்துக்கொண்டேன். இங்க்ஜெட் அச்சின் சாயமை பெரும்பாலும் ஈரப்பசை பட்டால் கலங்கும், லேசர் அச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவ்வளவு பெரிய பரப்பில் ஈரப்பசை தடவினால் தாள் நீண்டு சுருக்கம் விழும், கற்களின் கோடுகளும் கோணலாகும். ஆகவே தாளின் பின்புறத்திலும் அடியட்டையிலும் தனித்தனியாக மெல்லிதாகத் தடவி, இரண்டையும் முழுக்கக் காயவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலே வெள்ளைத்தாள் போட்டு மிதமான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். காய்ந்த வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகி மீண்டும் பிடிக்கும். தரை தட்டையாக, கோடு பிசகாமல் அமைந்தது. பரப்பு எதுவானாலும் இனி இந்த வழிதான்.

தூண்களுக்குப் பழுப்புத் தாளைப் பின்னலூசியின் மேல் சுற்றினேன். தாளின் இழையோட்டம் தூணின் நீளவாக்கில் இருக்க வேண்டும், அப்போதுதான் முறியாமல் வட்டமாகச் சுருளும். தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறது என்று விரலுக்கே தெரியும். முதல் சுற்றில் பின்னலூசியில் பசை படாமல் விட்டு, அடுத்த சுற்றில் இருந்து ஓரமாக ஒரு கோடு, கடைசி விளிம்பில் ஒரு கோடு. இடையில் பசையே வேண்டாம். தூணையும், அதன் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் போதிகையையும் பசையால் மட்டும் இணைக்கவில்லை. தூணின் தலையில் ஒரு சிறு முனை விட்டு, போதிகையில் துளையிட்டுச் செருகினேன். பர்மாத் தேக்கில் ஆசாரிகள் செய்ததும் அதே முறைதான். பாரத்தை அந்தச் செருகல் தாங்கிக்கொள்ளும், தூண் திரும்பாமல் பிடிக்கப் பசை ஒரு துளி போதும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கூரை. ஓட்டு வரிசைகளைக் கீற்றுகளாக வெட்டி, கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றுகிறேன். 25 கேஜ் ஊசியால் கீற்றின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு கோடு. கீழ்விளிம்பைத் தொடுவதே இல்லை. ஒட்டாத விளிம்பு கொஞ்சம் தூக்கி நிற்பதால் அடியில் நிழல் விழுகிறது. நாட்டு ஓட்டுக் கூரையின் உயிரே அந்த நிழல்தான். முழுதாக ஒட்டியிருந்தால் அது வெறும் கோடுபோட்ட அட்டையாகியிருக்கும்.

இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலையில் கூடல்வாய். இங்கே ஒவ்வொரு ஓட்டுத் துண்டையும் சாய்த்து வெட்ட வேண்டும், துண்டுகள் அரிசியளவுக்கு இறங்கிவிடும். இவ்வளவு சிறிய துண்டில் பசை வைத்தால் அது விரலோடு வந்துவிடும். பசையைக் கூரையட்டையில் புள்ளியாக வைத்து, நுனி நனைத்த பல்குத்தும் குச்சியால் துண்டைத் தொட்டெடுத்துப் புள்ளியின் மேல் இறக்குகிறேன். ஆச்சியிடம் படத்தைக் காட்டியபோது முதலில் பார்த்ததே இந்த மூலையைத்தான். “மழை வந்தால் தண்ணீர் அத்தனையும் அங்கேதான் கொட்டும் ஐயா. அதற்கு நேர்கீழேதான் அண்டாவை வைப்போம்” என்றார். அண்டாவும் செய்தாக வேண்டும்.

வேலை நேரத்தை வெயில்தான் தீர்மானிக்கிறது. இங்கே சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால், 25 கேஜ் ஊசியின் வாயிலேயே பசை தோல்கட்டிவிடும். காலையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது நல்லது. ஐப்பசி மழையில் நிலைமை நேரெதிர், அதே கோடு பிடிக்க இரண்டு மடங்கு காத்திருக்க வேண்டும்.

இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனாலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பிரித்த வீடுகளின் தூண்களும் நிலைகளும் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு, அந்தத் தூண் எந்தப் போதிகையைத் தாங்கியது, எந்தச் சரிவு எந்த முற்றத்தில் நீர் இறக்கியது என்று தெரிய வழியில்லை. என் மாதிரியில் பொருத்துகள் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

அடுத்தது சன்னல்கள். வண்ணக் கண்ணாடிக்கு நிறமிட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பசை பிளாஸ்டிக்கைப் பிடிக்காது, நீர் போக வழியில்லை. அதனால் பிளாஸ்டிக்கைச் சட்டத்தைவிடச் சிறிதாக வெட்டி, இரண்டு காகிதச் சட்டங்களுக்கு இடையில் வைத்து, அதைச் சுற்றியுள்ள காகித ஓரங்களை மட்டும் 21 கேஜில் ஒட்டப்போகிறேன். ஒரு சன்னலில் சரிபார்த்தாயிற்று, கண்ணாடி அசையவில்லை, பசையும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. மீதிச் சட்டங்களை வெட்டி முடித்ததும் கூரையின் மறுபாதிக்குத் திரும்புவேன்.