வெரிகோஸ் சிகிச்சை: படுக்க வைத்து எடுத்த ஸ்கேனால் வீணான இரண்டு மாதம்

இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டிருந்தது. சாயங்காலமானால் கால் கனக்கும். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரிப்பும் தொடங்கிய பிறகுதான் மருத்துவரிடம் போனேன். ஒருவர் லேசர் என்றார், அடுத்தவர் பசை, மூன்றாமவர் அறுவை செய்து சிரையை, அதாவது புடைத்த அந்த ரத்தக்குழாயை, உருவிவிடலாம் என்றார். மூவர் கையிலும் இருந்தது ஒரே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்.

அது எதற்கும் உதவாத ரிப்போர்ட் என்று சொன்னவர் நான்காவதாகப் பார்த்த பெண் மருத்துவர். "படுக்க வெச்சா எடுத்தாங்க?" என்று கேட்டார். ஆமாம். ஆழ்சிரையில் ரத்தக்கட்டி இல்லை என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றுமில்லை. ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகளில் எது பழுது, சிரை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பது தெரியாமலே மூன்று பேர் மூன்று சிகிச்சை சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மறுபடி ஸ்கேன். இம்முறை நிற்க வைத்து, கெண்டைக்காலை அழுத்திவிட்டுப் பார்த்தார்கள். ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழே திரும்பினால் வால்வு பழுது என்று கணக்கு. எனக்கு மூன்று நொடி. தொடை இடுக்கிலிருந்து முழங்கால் வரை தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சஃபினஸ் சிரை முழுக்க.

அதற்குப் பிறகுதான் ஒப்பிடவே முடிந்தது. லேசரும் ரேடியோ அலையும் சிரையை உள்ளிருந்து சூடாக்கி மூடுபவை. பலனில் பெரிய வித்தியாசமில்லை. சிரையை ஒட்டி மூடும் பசைக்குத் தொடை நெடுகிலும் மரப்பு ஊசி வேண்டாம், ஆனால் பசை உடம்பிலேயே தங்கும், சிலருக்கு ஒவ்வாமை வரும். எனக்குப் பிளாஸ்டர் ஒட்டினாலே தடிக்கும் என்பதால் அதை விட்டேன். மருந்தை நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்தி மூடும் நுரை ஊசி எளிது. பெரிய சிரை என்றால் மறுபடி திறந்துகொள்ள வாய்ப்பு கூடுதல். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் தந்த வழிகாட்டுதலும் முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதற்கும் பிறகே அறுவை என்கிறது. ரேடியோ அலைக்குச் சம்மதித்தேன்.

சிகிச்சை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, நடந்தே வெளியே வந்தேன். மரப்பு ஊசிகள்தான் வலித்தன. இரண்டு வாரம் தொடைக்குள் கயிறு இழுப்பதுபோல் இருந்தது. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

நான் கேட்கத் தவறியது ஒன்று. பெரிய சிரையை மூடினாலும் கீழே புடைத்த கிளைகள் உடனே மறையாது. அவற்றையும் அன்றே எடுப்பார்களா, தனியாக வரவேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். எனக்கு ஆறு வாரம் கழித்து நுரை ஊசிக்கு இன்னொரு நாள் போயிற்று. அழுத்தக் காலுறைக்கும் அளவைக் காலையில், கால் வீங்குமுன் எடுங்கள். நான் சாயங்காலம் அளந்து வாங்கியது தொளதொளவென்று நழுவியது. திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

கறுத்த தோல் அப்படியேதான் இருக்கிறது. அரிப்பு நின்றுவிட்டது, இரவில் தூங்குகிறேன்.